ஆலாத் திட்டுக்குப் போன படகு

அன்புள்ள மச்சானுக்கு,

நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அக்காவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு வலி என்று எதுவும் இல்லை. நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

யாரோ எழுதிக் கொடுத்ததாக நினைத்துவிடாதே. நானேதான் எழுதுகிறேன், அறுபத்தெட்டு வயதில்! படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற அம்மா, ஆள் வராத மாதங்களில் டிக்கெட் கொட்டகையிலேயே வகுப்பு நடத்துகிறார். பெரியவர்களுக்கு மட்டும். நாங்கள் ஆறு பேர். நான் முதல் பெஞ்சு. இந்தக் கடிதத்தை நேற்றுக் காலையில் தொடங்கினேன், இப்போதுதான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். படகென்றால் இந்நேரம் நாலு நடை போய் வந்திருப்பேன். ஆனாலும் ஒரு சொல்லை எழுதி முடித்து, அது நான் நினைத்த அதே சொல்லாக அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை என்ன சொல்ல! சோப்புக் கட்டியின் உறையைப் படிக்கிறேன். பேருந்தின் நெற்றியைப் படிக்கிறேன். டாக்டர் எழுதிய சீட்டு மட்டும் பிடிபடவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன், “எங்களுக்கும் குத்துமதிப்புதான் பெரியவரே” என்றார்.

பார், சந்தோஷத்தைச் சொல்லிக்கொண்டே நழுவப் பார்க்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் டிக்கெட்டம்மா எங்கள் ஆறு பேரையும் காயலுக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போனார். முப்பது வருஷமாகப் பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போனவன், அன்றைக்குத்தான் முதன்முறையாக நடுப்பலகையில் உட்கார்ந்து போனேன். கம்பு ஊன்ற வேறு ஆள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். சின்ன உள்ளான் ஒன்று சேற்றில் மூக்கை விட்டுவிட்டு எடுக்கிறது, அதன் மூக்கு நுனியில் இருந்த நீர்ச்சொட்டு எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் “அதோ பாருங்க, அதோ பாருங்க” என்று மற்றவர்களுக்குக் காட்டியே காலம் போய்விட்டது, நான் பார்க்கவே இல்லை. பறவைப் படப் புத்தகம் ஒன்றும் கொடுத்தார்கள். பூநாரை, பவளக்காலி, ஆலா என்று பேரைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் அதே பறவை எதிரே நிற்கிறது. சிறுபிள்ளை போலச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பறவைகள் கலைந்துவிடும் என்று டிக்கெட்டம்மா வாயைப் பொத்தச் சொன்னார்.

மச்சான், ஆலா திரும்ப வந்திருக்கிறது. ஆறு வருஷம் எட்டிப் பார்க்காத பறவை, இந்த வெயில் காலத்தில் அதே மணல்திட்டில் முட்டையிட்டிருக்கிறது. வாய்க்கால் முகத்து அறிவிப்புப் பலகைக்கு அருகிலேயே படகை நிறுத்தித் தூரத்திலிருந்து பார்த்தோம். டிக்கெட்டம்மா அந்தப் பலகையைக் காட்டி, “எங்கே, நீங்க படிங்க” என்று என்னைக் கேட்டார். ‘முட்டையிடும் காலம். இதற்கு அப்பால் படகுகள் செல்லக் கூடாது’ என்று திக்காமல் படித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். உடனே பின்னால் இருந்த, எங்களோடு படிக்கிற முடிவெட்டுகிறவர், “இவ்வளவு பெருசா எழுதிப் போட்டும் ஒருத்தன் உள்ள போய் முட்டையை மிதிச்சானாமே! படிச்சவனாம் வேற. அவன் படிச்ச படிப்பைக் கொண்டுபோய் அடுப்புல போட” என்றார். படகே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். அவர் சொன்னது உன்னைத்தான் என்று தெரிந்தும் பல்லைக் காட்டினேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பலகையை நட்ட வாரமே நீ என்னிடம் வந்து, “அத்தான், இந்த மாசத்துல இருந்து திட்டுப் பக்கம் போகக் கூடாதுன்னு போட்டிருக்கான், பார்த்துக்கங்க” என்று சொன்னாய். நான், “எனக்கு நீ படிச்சுக் காட்டணுமா? நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே இந்தத் தண்ணியில கம்பு ஊன்றினவன்டா நான்” என்று எகிறினேன். அதனால் பலகை என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

திட்டுக்குப் போன அன்று என் படகில் வந்த மூன்று பேரும் வெளிதேசத்தார். நம் எழுத்து தெரியாதவர்கள். பெரிய கேமராக்கள். அதில் ஒருவர் பலகையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று சைகையில் கேட்டார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூச்சம். போகக் கூடாது என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் முகம் வாடிவிடுமே, நல்ல படகுக்காரன் என்ற பேர் போய்விடுமே. ‘வருக வருக என்று எழுதியிருக்கிறது’ என்று இரண்டு கையையும் கூப்பிக் காட்டினேன். அவர்களும் பலகையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

திட்டில் இறக்கினேன். ஆலாக் கூட்டம் மொத்தமும் அலறிக்கொண்டு எழும்பி எங்கள் தலைக்கு மேலேயே சுற்றியது. அவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது, படமாக எடுத்துத் தள்ளினார்கள். நடக்கும்போது காலுக்கு அடியில் நொறுங்கியது. கிளிஞ்சல் என்று சைகை காட்டினேன். தண்ணீர் ஏறும்வரை அங்கேயே இருந்தோம். அத்தனை நேரமும் முட்டைகள் வெயிலில் வெந்தன. நாங்கள் கிளம்பியபோது காக்கைகள் வந்து இறங்கின. நான் திரும்பிப் பார்க்காமல் கம்பு ஊன்றினேன்.

கண்காணிப்புக் கோபுரத்தில் இருந்த வனக் காவலருக்குத் தூரத்தில் பச்சைப் படகு என்று மட்டும்தான் தெரிந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே டப்பாப் பெயிண்ட் அடித்தவர்கள். வந்தவர்கள் அன்றே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். வனத்துறை அலுவலகத்தில் நம் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டபோது, நான் வடக்குப் பக்கம் போனேன் என்றேன், வயதானவன் சொல் என்று நம்பிவிட்டார்கள். நீ, “நான் இல்ல சார்” என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். நான் மேசையில் இருந்த மைப்பெட்டியைப் பார்த்தேன். அதில்தான் கட்டை விரலை அமுக்கினேன்.

உனக்குக் கொஞ்சமும் தெரியாதது இதுதான். நீ வெளியே போன பிறகு அந்த அதிகாரி என்னிடம், “நீங்களா இருந்தா எச்சரிக்கை பண்ணி விட்டிருப்போம் பெரியவரே, படிக்கத் தெரியாதவர். அவன் படிச்சுப் பார்த்துட்டே போயிருக்கான், அதான் அனுமதியை ரத்து பண்றோம்” என்றார். கேட்டாயா? வாயைத் திறந்திருந்தால் எனக்கு ஒரு எச்சரிக்கை, உனக்கு ஒன்றுமில்லை. அதைக் கேட்ட பிறகும் எழுந்து வந்துவிட்டேன். பயம்கூட இல்லை மச்சான். பொய்யன் என்று இத்தனை பேர் முன்னால் தெரிந்துவிடுமே என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்கு உன் பிழைப்பைத் தின்னக் கொடுத்தேன்.

முடிவெட்டுகிறவர் பேசிய அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உன்னோடு பேசாமல் இருந்தது முட்டை போனதற்காக அல்ல, அது உனக்கும் தெரியும். செய்த தப்பை ஒத்துக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனானே என்றுதான் அவளுக்கு ஆத்திரம். நான் சொல்லி முடிக்கும்வரை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, “ஆறு வருஷமா தப்பான ஆளுகிட்ட பேசாம இருந்திருக்கேன்” என்றாள். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வருகிறது, தண்ணீர் வருகிறது, பேச்சு மட்டும் இல்லை. வீட்டில் ஒரு தட்டு விழுந்தால்கூட நல்ல துணையாக இருக்கிறது.

திங்கட்கிழமை நானே மனு எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். இப்போது இருப்பவர் புது அதிகாரி. “ஆறு வருஷக் கதையை எதுக்குப் பெரியவரே கிளறுறீங்க? பேசாம வீட்டுக்குப் போங்க” என்றார். பேசாமல் போனதால்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லி, முத்திரை போடும்வரை நகரவில்லை. பழைய கோப்பை எடுத்து உன் பேரில் உள்ள குற்றத்தை நீக்க எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். என் அனுமதிச் சீட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வகுப்பிலும் சொல்லிவிட்டேன். மறுநாள் முடிவெட்டுகிறவர் பெஞ்சு மாறி உட்கார்ந்தார்.

அந்தத் திங்கட்கிழமை நான் வீடு திரும்பியதும் உன் அக்கா பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்து என் முன்னால் வைத்தாள். நீ ஊரைவிட்டுப் போன முதல் வருஷம் அவளுக்குப் போட்ட கடிதம். பிரிக்கவே இல்லை. கோபம் ஒரு பக்கம், வெளியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல மானம் இடம் கொடுக்காதது ஒரு பக்கம். “படிங்க” என்றாள். இத்தனை நாளில் அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு சொல்தான்.

அதில் என்னைப் பற்றி ஒரு குறை இருக்கும் என்று பயந்துகொண்டே படித்தேன். படகு பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அத்தான் படகில் பின்பக்கம் மூன்றாவது பலகை விரிசல் விட்டிருக்கிறது, மழைக்கு முன்னால் தார் பூசச் சொல்லு என்று எழுதியிருந்தாய். அத்தானுக்கு இடது காது மந்தம், எதிரே படகு வந்தால் கூப்பிட்டுச் சொல்லப் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதான். அந்தப் பலகை அந்த மழையிலேயே பிளந்தது, மச்சான். உன் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை எனக்கு எழுத்து தெரியவில்லை.

அந்த உறையின் பின்னால் இருந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். நீ இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. எனக்குப் பதிலும் போட வேண்டாம். உன் அக்காவுக்கு ஒரு கடிதம் போடு. அவள் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலுக்கு வந்து நிற்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் இந்த முறை என்னைக் காப்பாற்றி எழுதாதே. அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்தபோது உனக்கு என்ன தோன்றியதோ அதை எழுது. பேருந்தில் ஏறும்போது என்னை என்னவென்று திட்டினாயோ அதை எழுது. அவளுக்குப் படித்துக் காட்ட இந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. அவள் எதிரில் உட்கார்ந்து, ஒரு சொல்லையும் விழுங்காமல், சத்தமாக நான் படிக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்