கால்சியம் என்று சொல்லி வைத்திருக்கும் மாத்திரை

இராஜபாளையம்
14.9.1991

அன்புள்ள மகள் ஜெயபாய்க்கு அம்மா ஞானபாக்கியம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே பிலாயில் நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இதுவரை அம்மா சொன்னது. எழுதுவது அண்ணன் ஞானதுரை. இனி என் பேச்சும் கலந்துதான் வரும்.

மாத்திரையை நிறுத்திவிட்டாயா? பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் மதினி எங்கேயோ கேட்டுவந்து, வலிப்பு மாத்திரை பிள்ளைக்கு ஆகாது என்றாளாம், உடனே அம்மா எல்லாவற்றையும் வீசிவிடு என்று உனக்கு இன்லண்டு கடிதம் போட்டுவிட்டாள். என்னிடம் நேற்றுத்தான் சொன்னாள். கால்சியத்தை நிறுத்தாதே என்று தந்தி கொடுத்தேன். தந்தியிலும் பொய். மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலை வாசித்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்க வேண்டிய உன் வலிப்பை மறைத்துவிட்டு, மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கிக் கால்சியம் பாட்டிலில் அடைத்துப் பார்சல் அனுப்பினால் இப்படித்தான் ஆகும். உன்னைப் பார்க்கிற பிரசவ டாக்டரும் அதைக் கால்சியம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறார்!

காலையில் மில் ஷிப்டை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உன் பழைய டாக்டர் சம்பத்குமாரைப் பார்த்தேன். "யாருய்யா நிறுத்தச் சொன்னது? வலிப்பு வந்து அவ கீழ விழுந்தா பிள்ளை தாங்குமா?" என்று சத்தம் போட்டார். ஓடுகிற ஸ்பின்னிங் மிஷினைச் சட்டென்று நிறுத்தினால் இழையெல்லாம் அறுந்துபோகுமே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொள். மதினி சொன்னதும் முழுப் பொய் இல்லை. இந்த மருந்தால் சில பிள்ளைகளுக்கு முதுகுத்தண்டிலோ இருதயத்திலோ குறை வரலாம். முதுகுத்தண்டு முதல் மாதத்திலேயே உருவாகிவிடுமாம், அதனால் நடந்திருந்தால் நடந்ததுதான், ஸ்கேனில் பார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன என்றும் சொன்னார். அளவைக் குறைப்பதா, மாற்றுவதா, ஃபோலிக் ஆசிட் எவ்வளவு என்பதையெல்லாம் அங்கே டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீயாக ஒன்றும் செய்யாதே. மருந்தின் பெயர் சோடியம் வால்புரோயேட். மனப்பாடம் பண்ணு.

அதற்கு முதலில் மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இதை எழுதும்போதே அம்மா என் கையைப் பிடிக்கிறாள். "ஏலே, எழுதாதலே. அவிய எம்புள்ளைய திருப்பி அனுப்பிட்டா?" என்கிறாள். அனுப்பினால் வரட்டும், பிள்ளையை இங்கேயே பெறட்டும் என்றேன். "பேசுதான் பாரு, மிஷினுக்குப் பொறந்த பய" என்று ஏசிவிட்டு அழுதாள். நான் பேனாவை மூடவில்லை.

செத்த நேரம் கழித்து அவளே வந்து உட்கார்ந்து, "அவ வாயால சொல்ல பயப்படுவாலே. இந்தக் கடுதாசிய அப்படியே மருமகன் கையில குடுக்கச் சொல்லு" என்றாள். கொடுத்துவிடு. நான் எழுதியதில் ஒரு வரியையும் அடிக்கவில்லை, படிக்கட்டும். மருந்தை ஒரு வேளைகூட விடாதே, தனியாகக் குளத்தில், குளியல் தொட்டியில் இறங்காதே, அடுப்பருகே கவனம். கர்த்தர் உன்னையும் உன் கர்ப்பத்தின் கனியையும் காப்பாராக. கீழே உள்ளது அம்மாவே எழுதியது.

மருமகனுக்கு, மறைத்தது நான். அவள் மறைக்க வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஏச்சை எனக்கு எழுதுங்கள். அவளை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஞானபாக்கியம்