ககன்வீர் வீட்டுக்குப் போகவில்லை

ஜனக்புரி,
புது தில்லி,
அக்டோபர் 1986

அன்புள்ள அத்தானுக்கு,

சாந்தா எழுதுகிறேன். நானும் கோதையும் நன்றாக இருக்கிறோம். அவளுக்கு லேசாக ஜலதோஷம், எனக்கு வழக்கம்போலத் தூக்கம் வருவதில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உங்கள் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. கோதையைத் தூங்கப் பண்ணிவிட்டு, சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புதுக் கால் பொருத்தியாகிவிட்டது, கைத்தடி இல்லாமலே வார்டில் நடக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் எத்தனை தரம் படித்தேன் தெரியுமா? ஆனால் பட்டை அழுத்துகிற இடத்தில் தோல் உரிகிறதா, ராத்திரி வலிக்கிறதா, அதைப் பற்றியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் சொல்லுகிற களிம்பை ஒழுங்காகப் போடுங்கள். புனேயில் இப்போது குளிர் ஆரம்பித்திருக்குமோ? எல்லையில், மலைமேல் பனியில் காவல் இருந்தவருக்கு இதெல்லாம் குளிரா என்று சிரிப்பீர்கள். எனக்குக் குளிர் என்ற வார்த்தையே பிடிக்காமல் போய்விட்டது.

தீபாவளிக்கு முன்னால் டிஸ்சார்ஜ் செய்து விடுவார்கள், ஆனால் நேரே தில்லிக்கு வராமல் பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாக நடக்க வந்த பிறகு, ஆறு மாதமோ ஒரு வருஷமோ, அப்புறம் பார்க்கலாம் என்று. 'தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறின அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும், அந்த அப்பா அப்படியே இருக்கட்டும்' என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவளிடம் இதுவரை அப்பா டிரெயினிங்கில் இருக்கிறார் என்றுதானே சொல்லி வைத்திருக்கிறேன்? சரி, உங்கள் இஷ்டப்படியே செய்யுங்கள் என்று எழுதிவிடத்தான் இருந்தேன். சனிக்கிழமை நடந்ததைப் பார்த்ததும் அது இன்னும் உறுதியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தலைகீழாகிவிட்டது. இது ஒரு சினிமாக் கதை. பொறுமையாகப் படியுங்கள்.

ஞாயிறு காலை டீவியில் ககன்வீர் என்று ஒரு கார்ட்டூன் வருகிறது. நீங்கள் மேலே போன பிறகு ஆரம்பித்தது. நீல உடுப்பு, சிவப்புத் துணி முதுகில் பறக்கும். பாலம் இடிந்தால் தோளைக் கொடுத்துத் தாங்குவான், ரயிலைக் கையால் நிறுத்துவான். கோதைக்கு அவன்தான் எல்லாம். அந்த அரை மணி நேரம் எங்கள் பிளாக்கில் குழந்தைகள் சத்தமே இருக்காது. பெரியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. கீழ்வீட்டு மகாதேவனை உங்களுக்கு நினைவிருக்கும், பாங்க்கில் இருப்பவர், கும்பகோணத்துக்காரர். அவர் பல் தேய்க்காமலே வந்து டீவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார் என்று ராஜலக்ஷ்மி மாமி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இப்போது அதையே பம்பாயில் யாரோ நிஜ ஆளை வைத்துப் படமாக எடுத்துவிட்டார்கள். யார் ககன்வீராக நடிக்க வேண்டும் என்று ஒரு மாதமாக இங்கே அதே பேச்சு. பால் பூத் வரிசையில்கூட அதே சண்டை. கடைசியில் யாரோ புதுப் பையனைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் ஏமாற்றம். போன சனிக்கிழமை மகாதேவன் வீட்டில் வீசிஆர் வாடகைக்கு எடுத்து அந்தப் படத்தைப் போட்டார்கள். பிளாக் முழுக்க அந்த ஒரு ஹாலில். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டுதான் பார்த்தேன்.

பையன் குள்ளம்தான். மூக்கும் கொஞ்சம் கோணல். வந்து நின்ற உடனேயே மாடிவீட்டுப் பஞ்சாபிப் பையன் பண்டி, இவன் நக்லி, நிஜ ககன்வீர் இல்லை என்று கத்திவிட்டான். மகாதேவன் அவனுக்கு மேல். "ஹீரோன்னா ஆறடியாவது இருக்க வேண்டாமா? இவன் எங்க பிராஞ்ச் கேஷியர் மாதிரின்னா இருக்கான்" என்றார். அவர் தம்பி சேஷு காலேஜில் படம் வரையப் படிக்கிறான். அவனுக்கு நிஜ ஆளை வைத்து எடுத்ததே பிடிக்கவில்லை. கோட்டில் வரைந்து போட்ட ஆள் கிழவனாக மாட்டான், மூச்சு வாங்க மாட்டான், சம்பளமும் கேட்க மாட்டான், அவனை விட்டுவிட்டு எதற்கு இந்த வேஷம் என்று ஆரம்பித்தான். மாமி உடனே, கோட்டில் போட்டவனுக்கு வலிக்காது, வலிக்காதவன் சண்டை போட்டால் அதில் என்ன வீரம் என்று கேட்டாள். படம் ஓட ஓட இவர்கள் சண்டையும் ஓடியது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பாதிப் படம் வரைக்கும்.

பாதியில் அந்தப் பையன் மேல் ஒரு சுவர் விழுந்து கால் போய்விடுகிறது அத்தான். போய்விடுகிறது என்றால் வெட்டி எடுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவனால் சரியாக நடக்க முடிவதில்லை. காலை இழுத்து இழுத்துக்கொண்டுதான் கடைசிச் சண்டை போடுகிறான். பண்டிக்கு ஆத்திரம். கார்ட்டூனில் இப்படி இல்லவே இல்லை, அவன் சட்டைகூட அழுக்காகாது என்று தரையை அடித்தான். மகாதேவனும், நொண்டுகிற ஹீரோவை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு நம் விஷயம் அப்போது தெரியாது. நான் கோதையைப் பார்த்தேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஊரைக் காப்பாற்றிவிட்டு, இந்த நிலைமையில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று அவன் தனியாக ஒரு மலைமேல் ஏறிப் போகிறான். ஷெனாய் வாசிக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட தியாகம் என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேஷுகூட, முடிவு மட்டும் பரவாயில்லை என்றான். கோதை எழுந்து விறுவிறுவென்று மாடி ஏறி வீட்டுக்கு ஓடிவிட்டாள். நான் போய்ப் பார்க்கிறேன், கட்டிலில் குப்புறப் படுத்து அழுகிறாள். "அது நிஜ ககன்வீர் இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சினிமாக்காரன் நொண்டுவதையே தாங்காத குழந்தை, நாளைக்கு உங்களைப் பார்த்து இதே வார்த்தையைச் சொன்னால்? நீங்கள் எழுதியதுதான் சரி என்று அப்போது நினைத்தேன். மறுநாள் காலையில் உங்களுக்கு அப்படியே எழுதிவிடுவது என்று படுத்தேன்.

மறுநாள் குழந்தைகள் மாடிப்படியில் அந்தப் படத்தையே விளையாடினார்கள். நம் மகள்தான் டைரக்டர். பண்டி சிவப்புத் துண்டை முதுகில் கட்டிக்கொண்டு ஹீரோவாகத் தயாராக நின்றான். நீ நொண்டணும் என்றாள் இவள். ஹீரோ நொண்ட மாட்டான் என்றான் அவன். அப்ப நீ வில்லன் என்று துண்டைப் பிடுங்கி, முன்பல் விழுந்த ரிம்பிக்குக் கொடுத்துவிட்டாள். பண்டியின் தங்கைதான் ரிம்பி, இடுப்பு உயரம் இருப்பாள். அந்தக் குட்டி உற்சாகத்தில் இரண்டு காலையும் மாற்றி மாற்றி நொண்டினாள். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நம் வீட்டு பெல் அடித்தது. பெல் அடித்தால் எனக்கு இப்போதெல்லாம் தந்தி என்றுதான் தோன்றும். ஓடிப் போய்த் திறந்தேன். ரிம்பி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். கோதைக்கு என் மேல் ஒரே கோபம். "நீ ஏம்மா திறக்கிற? நான்தான் திறக்கணும்" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு, ரிம்பியைக் கீழே போய் மறுபடி முதலிலிருந்து ஏறி வரச் சொன்னாள்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. கார்ட்டூனில் ஒவ்வொரு வாரமும் கடைசியில் அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கி, சிவப்புத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாதாரண ஆள் மாதிரி மாடி ஏறிப் போய் பெல் அடிப்பான். தங்கை கதவைத் திறந்து ஏன் லேட் என்பாள். பஸ் கிடைக்கவில்லை என்பான். தில்லிக் குழந்தைகள் ஆயிற்றே, அந்த இடத்தில் எல்லோரும் கூடச் சேர்ந்து சொல்வார்கள். சினிமாவில் அந்த இடத்தையே நீக்கிவிட்டார்கள். உயரத்தையும் மூக்கையும் பற்றிச் சண்டை போட்ட எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை.

கோதையை மடியில் இழுத்து உட்கார வைத்து, நேற்று அழுதாயே, அவன் நொண்டினான் என்றா என்று கேட்டேன். என்னை ஒரு அசட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நொண்டினா என்ன? அவன் வீட்டுக்கே போகலியேம்மா. அவன் தங்கச்சி தர்வாஜா கிட்டயே நின்னுட்டு இருப்பா."

கதவைத் தர்வாஜா என்றுதான் இப்போது சொல்கிறாள், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானமே அவளிடம் சொல்லிவிட்டேன் அத்தான். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். பனியில் அப்பாவின் ஒரு பாதம் கெட்டுப் போய்விட்டது, எடுத்துவிட்டு வேறு கால் வைத்திருக்கிறார்கள், மெதுவாகத்தான் நடப்பார் என்று. ரிம்பி மாதிரியா என்று கேட்டாள். ஒரு கால்தான் என்றேன். சிரித்தாள். படுக்கும்போது பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, வலிக்குமா என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மகாதேவன் மாடிப்படித் திருப்பத்தில் எதிலோ இடித்துக்கொண்டு சத்தம் போட்டார். போய்ப் பார்த்தால் நம் வீட்டுப் பிரம்பு மோடா. அப்பா பாதியில் உட்கார்ந்து வர வேண்டும் என்று இவள் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். நான் எடுத்து உள்ளே வைக்கிறேன், ஸ்கூல் விட்டு வந்ததும் மறுபடி அங்கேயே போட்டுவிடுகிறாள். மகாதேவனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் முகம் சுருங்கிவிட்டது. என்ன பேசிவிட்டேன் அன்றைக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜீலம் எக்ஸ்பிரஸ் எந்த நாளில் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு நான் காரெடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்துவிடலாம் என்று சேஷு சொன்னான். அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மோடா இப்போது அங்கேயே கிடக்கிறது. எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

அவள் உங்களைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. முதல் நாள் தள்ளி நின்று பார்க்கலாம். ஏதாவது ஏடாகூடமாகக் கேட்கலாம். நானும் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. கடிதம் முழுக்க அவளைப் பற்றியே எழுதிவிட்டேன். அந்தப் படத்தில் மலைமேல் ஏறிப் போகிறவனுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தால் அவள் என்ன செய்வாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

அண்ணன் வீட்டுக்குத் தீபாவளி கழித்து எல்லோருமாகப் போகலாம். இப்போது இங்கே வாருங்கள். படியில் நின்று நின்று ஏறுங்கள், மோடாவில் வேண்டும் மட்டும் உட்காருங்கள். உங்கள் காலடிச் சத்தம் கேட்டாலும் நான் வெளியே வர மாட்டேன். பெல்லை நீங்கள்தான் அடிக்க வேண்டும், கதவை அவள்தான் திறப்பாள். ஏன் லேட் என்று கட்டாயம் கேட்பாள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மலை மந்திர் முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் சாந்தா