இன்னாசி படத்துக்கு வைத்த பொட்டு

புதுக்கோட்டை
துர்முகி வருடம், ஐப்பசி மாதம்

சிரஞ்சீவி நாகராசுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தெய்வ கிருபையால் சுகமாயிருக்கிறோம், சிங்கப்பூரில் உன் தேக நிலை எப்படி என்று தவறாமல் எழுது. மழை பிடித்துக்கொண்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது.

நீ வாங்கி விற்கும், சிகரெட் பெட்டிக்குள் வந்த பழைய பட அட்டைகளில் இங்கே கிடைத்தவற்றைக் கிரிக்கெட்காரர், மல்யுத்தக்காரர் என்று பிரித்து, இடையிடையே மையொற்றும் தாள் வைத்து, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஆனால் நீ மிகவும் எதிர்பார்த்த ஹாக்கி இன்னாசியின் அட்டை அதில் இல்லை. அது ஒன்றுதான் குறை, அது வந்தால் வரிசை நிறைந்துவிடும், தோட்டத்துரை மொத்தமாக எடுத்துக்கொள்வார் என்று நீ எழுதியிருந்ததை மறக்கவில்லை. நீ சொன்னபடி கந்தர்வக்கோட்டைக்குப் போய் இன்னாசியின் சம்சாரம் அடைக்கலமேரியைப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் அந்த அட்டையை மாட்டி வைத்திருந்தது. இறந்துபோன புருஷனுக்கு வேறு போட்டோ இல்லையாம். வந்த காரியத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். மழைக்கு முன் கூரை வேய வேண்டும் என்று பணத்தை வாங்கிக்கொண்டு அதுவே கழற்றிக் கொடுத்தது. "கொண்டு போங்கய்யா, பத்திரமா வச்சுக்கிருவாகள்ல?" என்று மட்டும் கேட்டது.

சரஸ்வதி பூஜையன்று உன் பிழைப்பு இதுதானே என்று அம்மா அட்டைகள் இருந்த பெட்டியையும் பூஜையில் வைத்தாள். பெட்டிக்கு மேலே பொட்டு வைத்ததோடு விட்டிருந்தால் பாதகமில்லை. இன்னாசி காலமானதை நான்தான் சொல்லியிருந்தேன். "செத்தவுக படத்த வெறும் நெத்தியா வைக்கலாமாங்க" என்று அவர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். மறுநாள் பார்த்துவிட்டுப் பஞ்சால் மெல்ல ஒற்றினேன், சிவப்பு இன்னும் பரவியது. அழுக்குப் பட்ட அட்டையைத் துரை தொடமாட்டார் என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. உனக்கு எழுதிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பரவாயில்லை அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. பஸ் ஏறிப் போய் அட்டையை அடைக்கலமேரியிடமே கொடுத்துவிட்டேன். முன்பு கொடுத்த பணத்தைப் பற்றிப் பேசவில்லை. படத்தை வெளிச்சத்தில் பார்த்து, "எங்க மாதா கோயில் சாமியார் பாத்தா என்னையத்தான் வைவாரு" என்று சிரித்தது. பிறகு, "ஒங்க வீட்டுலயும் அவுகளுக்கு ஒருத்தர் பொட்டு வச்சிருக்காகளே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பொட்டைத் துடைக்காமலே பழைய இடத்தில் மாட்டியது.

நான் செய்தது சரிதானா என்று இன்னும் நிச்சயமில்லை. துரையிடம் உன் வாக்குப் பொய்த்துப் போனது என்னால்தான். ஆனாலும் தம்பி, வரிசையில் அந்த ஓர் இடம் காலியாகவே இருக்கட்டும். இனிமேல் ஓர் அட்டையை வாங்குமுன் அந்த முகத்தைத் தெரிந்தவர்கள் அது இருக்கும் வீட்டில் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. எல்லா நலமும் உண்டாகட்டும். இன்னாசி படமும் உனக்குத் தபாலில் போய்விட்டதாகவே அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், நடுவில் விட்டு வாசிக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது. ஆகையால் கோபம் இருந்தால் எனக்குத் தனிக் காகிதத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெங்கசாமி