வெற்றுடம்பின் எடை

பெர்கன்,
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் செய்தால் காது கேட்கவில்லை என்று வானிலையைச் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால் கடிதம். அம்மா போனபின் காபியும் காய்ந்த மீனுமாக நீங்கள் காலம் தள்ளுவது எனக்குத் தெரியாதென்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு அளவு எழுதிக் கொடுப்பவள் சொல்கிறேன், வயதானால் சாப்பாடு குறையலாம் என்பது தவறு. எழுபத்தொன்பது வயதில், உங்கள் உயரத்துக்கு, எழுபது கிலோவை ஒட்டி இருப்பது நல்லது. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால்தான் ஒரு காய்ச்சலைத் தாங்கும். தினம் இரண்டு முட்டை, இரண்டு கிண்ணம் ஸ்கீர் தயிர், ஒரு துண்டு மீனோ கறியோ கட்டாயம்.

ஞாயிறுதோறும் நீச்சல்குளத்துத் தராசில் ஏறி எடையை எழுதுங்கள். வீட்டுத் தராசில் கம்பளியும் பூட்ஸுமாக ஏறுவீர்கள். குளத்தில் வெற்றுடம்போடு குளிக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள், அந்த எடையை நம்பலாம். அறுபதுக்குக் கீழே போனால் நகரத்து முதியோர் இல்லம்தான். சொல்லிவிட்டேன்.

எனக்கு நான்காம் மாதம். அறுபத்திரண்டு கிலோ. என் புருஷன் ஓட்வார் தொட்டிலுக்குச் சாயம் பூசுகிறான்.

உங்கள் ஏய்தீஸ்


ஹ்வால்வீக்,
டிசம்பர் 2

மகளே,

ஆயுசெல்லாம் ஆட்டுக்குத் தீனி அளந்தவனுக்கு நீ தீனி அளக்கிறாய். நீ பிறந்தபோது செவிலி வந்து உன்னைத் துணித்தூளியில் கட்டி, கொக்கியில் தொங்கவிட்டு நிறுப்பாள். "இன்னும் நூறு கிராம் பத்தலியே" என்று அவள் சொல்லிவிட்டால் உன் அம்மா பொழுதெல்லாம் அழுவாள். இப்போது என்னைக் கொக்கியில் மாட்டுகிறாய். ஆகட்டும்.

குளத்துத் தராசு அறுபத்தெட்டு காட்டியது. பக்கத்துப் பண்ணை ஸ்கூலியும் கூட இருந்தான், வேண்டுமானால் கேட்டுக்கொள். இல்லத்துப் பேச்சை விடு. உன் அம்மா படுத்த கட்டிலிலேயே நானும் போய்ச்சேர வேண்டும். நீயும் உன் எடையைத் தவறாமல் எழுது.

அப்பா தோர்கில்ஸ்


பெர்கன்,
ஜனவரி 12

அன்புள்ள அப்பா,

அறுபத்தெட்டு! சொன்னால் கேட்கும் அப்பா எனக்கு இருக்கிறார் என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள், பயணம் கூடாது என்கிறார்கள். எனக்கு அறுபத்தாறு. இரண்டு உயிருக்கு இரண்டு பங்கு தின்ன வேண்டும் என்பதெல்லாம் கதை. இந்த மாதங்களில் கூடுதலாக ஒரு துண்டு ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும் போதும். சாப்பிடுகிறேன். ஓட்வார் வேலையாக வெளியூரில் இருக்கிறான்.

ஏய்தீஸ்


ஹ்வால்வீக்,
பிப்ரவரி 17

மகளே,

நடுக்குளிர்காலத்துத் தோர்ரி விருந்து முடிந்தது. புளிக்கவைத்த ஆட்டுக்கறியை ஸ்கூலி ஒரு பிடி பிடித்தான், நானும் விடவில்லை. தராசில் எழுபத்துமூன்று! திட்டாதே. பனி முழங்காலுக்கு வந்துவிட்டது. ஒரு சின்ன உதவி: தடிமனான மெத்தை ஒன்று அனுப்பு. சமையலறை நாற்காலி எலும்பில் குத்துகிறது, ஐந்து நிமிஷம் உட்கார முடியவில்லை. குழந்தை உதைக்கிறதா?

அப்பா


பெர்கன்,
மார்ச் 8

அப்பா,

எழுபத்துமூன்று கிலோ மனிதனுக்கு நாற்காலி எலும்பில் குத்தாது. யாருக்குக் குத்தும் என்று எனக்குத் தெரியும், தினமும் அவர்களுக்குத்தான் மெத்தை எழுதிக் கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதெல்லாம் யாருடைய எடை? நேரில் வந்து பார்த்திருப்பேன். எழுபது கிலோ, எட்டாம் மாதப் பிள்ளைத்தாச்சியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். உண்மையை எழுதுங்கள்.

ஏய்தீஸ்


ஹ்வால்வீக்,
மார்ச் 20

மகளே,

ஸ்கூலியின் எடை. அவன் தராசில் ஏறுவான், நான் முள்ளைப் படிப்பேன். உன் ஜனவரிக் கடிதத்தைக் காட்டியதும், "டேய் தோர்கில்ஸ், உன் மக மெச்சினது என் தொப்பையத்தாண்டா! என் பொண்டாட்டிக்கும் அப்படி ஒண்ணு எழுதச் சொல்லு" என்று சிரித்தான். அப்புறம் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கி அழுதான்.

நான் ஐம்பத்தொன்று. வயிற்றில் கட்டி. அறுக்கவும் வழியில்லை என்று இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. உன் கணக்கில் பிழையில்லை அம்மா, என் வயிறுதான் கணக்கைத் தாண்டிவிட்டது.

இன்னொன்று. அறுபத்திரண்டு, அறுபத்தாறு, எழுபது என்று உன் எடையை எழுதுகிறாய். சினை ஆட்டுக்கு எடை அப்படி ஏறாது. ஒரு மாதம் தீனியை மோந்துகூடப் பார்க்காது, அடுத்த மாதம் வாரித் தின்னும். கோடு போட்டாற்போல் கூடுவது உன் ஆபீஸ் அட்டவணையில்தான். நான் எதுவும் கேட்கவில்லை. விமானத்தில் ஏற்றுவார்கள் என்றே நினைக்கிறேன். வா.

அப்பா


பெர்கன்,
மார்ச் 28

அப்பா,

வியாழக்கிழமை வருகிறேன், தனியாக. ஓட்வார் போய்விட்டான். நான் ஐம்பத்தாறு கிலோ. உங்கள் முதல் கடிதம் வந்த வாரமே குழந்தை தங்காமல் போய்விட்டது. பேரக்குழந்தை வருகிறது என்றாவது நீங்கள் ஒரு வாய் கூடச் சாப்பிடுவீர்களென்று, அட்டவணையைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

முட்டையும் தயிரும் வாங்கி வைக்க வேண்டாம். உங்களைச் சாப்பிடச் சொல்லமாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

பெண் குழந்தை. எடை பார்க்கத் தேவையில்லை என்றார்கள். நான்தான் கேட்டு வாங்கித் தராசில் கிடத்தினேன். துணி சுற்றாமல், முந்நூற்று நாற்பது கிராம்.

ஏய்தீஸ்