இரண்டாவது டிஸ்க்

மல்லசமுத்திரம்
4.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. போன் செய்தால் எடுக்கமாட்டாய், அதனால்தான் கடிதம். வீட்டிலிருக்கிற டிவிடிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டிருக்கிறேன். புது வீட்டு டிவியில் சொருகினால் போதும், உட்கார்ந்து பார்க்கலாம். என் கல்யாண வீடியோவில் முதல் டிஸ்க்தான் இருக்கிறது. இரண்டாவதை மாமா அந்த வருஷமே பார்க்க வாங்கிப்போனார். இருந்தால் அனுப்பு.

வைகாசி 22 பால் காய்ச்சுகிறோம். நீ வராமல் எப்படி?

தம்பி,
சபரிநாதன்

பனமரத்துப்பட்டி
11.5.2025

சபரிநாதனுக்கு,

டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன்.

இணைச்சீர்ச் சடங்குக்கு மாப்பிள்ளை பக்கத்தில் உடன்பிறந்தவள்தான் உட்கார வேண்டும். நான் இருக்கும்போதே சித்தப்பா மகளை உட்காரச் சொன்னவன் நீ. கேட்டதற்கு, அப்படிச் சொல்லவே இல்லை என்றாய். பதினைந்து வருஷமாக என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய். பால் நன்றாகப் பொங்கட்டும்.

சத்யபிரியா

மல்லசமுத்திரம்
18.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும் முதல் டிஸ்க்கைப் போட்டேன். சடங்கு சாங்கியம் வந்தால் எப்போதும் வேகமாக ஓட்டிவிடுவோம். இந்த முறை ஓட்டவில்லை.

சீர் செய்துவைக்கிற அருமைக்காரர், "அக்கா எங்கீங்க?" என்கிறார். "அவ கொழந்தைக்குப் பாலு குடுத்துட்டு எப்ப வாரதுங்க, சித்தப்பா புள்ளய உக்கார வெய்ங்க." என் குரலேதான். தூணோரம் நீ புதுச்சேலையில், இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாய். மகள் கனிஷ்கா கேட்கிறாள், "ஏனுங்கப்பா, அத்தை அங்கயேதான நிக்கறாங்க?"

என் வீட்டுக்காரி அகல்யா அந்த இடத்தை வெட்டிவிடச் சொன்னாள். வெட்டவில்லை. தப்பு என்மேல்தான் அக்கா. வந்து நாலு அறை வேண்டுமானாலும் அறை. ஆனால் வா.

தம்பி,
சபரி

பனமரத்துப்பட்டி
27.5.2025

என் சாமி சபரிக்கு,

படித்துவிட்டு ஓவென்று அழுதேன். உன் மாமா பயந்தே போனார்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது டிஸ்க்கில் பந்தி வருகிறது. நீ இலையில் கை வைக்காமல், போகிறவர் வருகிறவரிடம் எல்லாம், "எங்கக்கா சாப்புட்டாளா, பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். பக்கத்தில் எனக்கென்று ஓர் இலை போட்டு, யாரையும் உட்கார விடவில்லை. நான் அதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

அதைப் பார்த்த அன்றே உன்னிடம் பேசியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை. உன்னிடம் அதைக் கொடுத்துவிட்டால், அப்புறம் எதை வைத்துக் கோபித்துக்கொள்வது என்று பீரோவில் பூட்டிவிட்டேன்.

டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பமாட்டேன். முந்தின நாளே கையோடு கொண்டுவருகிறேன். அந்த இலையைப் போட்டு வை.

அக்கா,
சத்யபிரியா