எம்புயி உன்னைக் கேட்கிறான்

லுபும்பாஷி
12 மார்ச் 1972

அன்பு மகன் கபாங்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் படிக்கப் போன லியேஜ் ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடுவாய் என்று நம்புகிறேன். இதைப் பாதிரியார் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் பிரித்துப் படிக்கிறார்கள், அவரிடம் அந்தக் கவலை இல்லை. அதனால் மனம் விட்டு எழுதுகிறேன்.

நாட்டுக்குப் பெயர் மாறி ஜயீர் என்றாகிவிட்டது, ஆற்றுக்கும் அதே பெயர். ஊர்ப் பெயர்கள் முன்பே போய்விட்டன. நீ எலிசபெத்வில்லில் பள்ளிக்கூடம் சேர்ந்தாய், லுபும்பாஷியில் முடித்தாய். பெஞ்சு என்னவோ அதே ஆடுகிற பெஞ்சுதான். இப்போது மனிதர்கள் முறை. ஞானஸ்நானப் பெயர் யாருக்கும் இருக்கக் கூடாதாம். கழுத்தில் டை கட்டவும் கூடாதாம். உன் அப்பா கல்யாணத்துக்குக் கட்டியதை ரயில் பட்டறைக்கு எடுத்துப் போய், எண்ணெய் துடைக்க வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பெயர் மாற்றும் வரிசையில் நானும் நின்றேன். என் சொந்தப் பெயர் வாயில் நுழையவில்லை என்று ஞானஸ்நானத்தின்போது கன்னியாஸ்திரீ எனக்குத் தெரேஸ் என்று வைத்தாள். வைத்தபோதும் என்னைக் கேட்கவில்லை, அழிக்கும்போதும் கேட்கவில்லை. குமாஸ்தா, "குடிமகளே, மூதாதையர் பேர் ஒண்ணு சட்டுனு சொல்லுங்க" என்றான். நான் விடவில்லை. "முவாம்புயின்னு எழுது. ரெட்டைப் புள்ள பெத்தவளுக்கு அந்தப் பேரு தானா வருது. வெள்ளக்காரனும் குடுக்கல, நீயும் எடுக்க முடியாது" என்றேன். வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. "எம் மகன் பெல்ஜியத்துல பத்திரிகையிலயே எழுதியிருக்கான். ஒருத்தன் ஒட்டுன பேர இன்னொருத்தன் துப்பாக்கியோட வந்து உரிச்சா, அது விடுதலையான்னு கேட்டிருக்கான்" என்றேன். குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. உன் பெயரைக் கேட்டான். பெருமையோடு எழுத்து எழுத்தாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, "ஒன் வாயி ஒரு நாள் நம்ம எல்லாரையும் காட்டிக் குடுத்துரும்டி" என்று கத்தினார்.

நீ அனுப்பிய இரண்டு சட்டைகளும் வந்தன. ஒன்று அப்பாவுக்கு என்று எழுதியிருந்தாய். மற்றதை வழக்கம்போல உன்னோடு பிறந்த எம்புயியின் பங்காக எடுத்து வைத்தேன். இரட்டையரில் ஒருவன் போனால் அவன் செத்தான் என்று நம்மவர்கள் சொல்வதில்லை. சொன்னால் மிஞ்சியவனும் கிளம்பிவிடுவான் என்று பயம். பன்னிரண்டு வருஷமாக நானும் சொன்னதில்லை. இனச் சண்டையில் லுலுவாபூரிலிருந்து நம் ஜனம் விரட்டப்பட்டு நடந்து வந்தபோது எம்புயிக்குக் காய்ச்சல் கண்டது. வழியில் ஒரு மாமரத்தடியில் அப்பா மண்ணைத் தோண்டி அவனைக் கிடத்தினார். உனக்கு எட்டு வயது. நீ குழிக்குள் இறங்கி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாய். கையைப் பிடித்து உன்னை இழுத்தேன். "திரும்பிப் பாக்காம நட. அம்மா அழுதாலும் திரும்பாத" என்றேன். உனக்கு அது நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை.

ஜூலை விடுமுறைக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா. மரவள்ளிக் கீரையும் மக்காச்சோளக் களியும் தின்று இரண்டு வருஷம் ஆகியிருக்குமே. நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
முவாம்புயி


லுபும்பாஷி
2 ஜூன் 1972

மதிப்புக்குரிய மகன் கபாங்காவுக்கு, தாய் எழுதும் கடிதம். நாங்கள் எல்லோரும் அரசாங்கத்தின் தயவில் நலமாக இருக்கிறோம்.

உன் அப்பா ஒன்பது நாளாகப் பட்டறைக்குப் போகவில்லை. அவரை வேறொரு இடத்தில் வைத்து நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து வந்த தம்பி ஒருவர் இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். நல்ல பிள்ளை. காகிதமும் பேனாவும் அவரே கொண்டுவந்தார், தபாலிலும் அவரே சேர்ப்பார். நீ வந்து உன் கட்டுரையைப் பற்றி நாலு வார்த்தை விளக்கம் சொன்னால், அன்றைக்கே அப்பா வீடு திரும்பலாம் என்கிறார். விமானச் சீட்டுக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம்.

நேற்று அப்பாவைப் பார்க்க விட்டார்கள். மெலிந்திருக்கிறார். வலது கையைத் தூக்க முடியவில்லை. என் வாயைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பயலுக்கு எழுதுறப்ப எம்புயியப் பத்தி மறக்காம எழுது" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன், மகனே. நானாக எழுதவில்லை.

எம்புயி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். முன்பு இருந்த அதே இடத்தில்தான் இருக்கிறான். நீ வந்தால் அவன் பக்கத்திலேயே உனக்கும் இடம் ஒழித்து வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் போல இருவரும் சேர்ந்து படுத்துக்கொள்ளலாம். எம்புயி யார் என்று இந்தத் தம்பி கேட்டார். மூத்த மகன் என்றேன். "அண்ணனும் கூப்புடுறாருன்னா நல்லதுதாம்மா. அதையும் நல்லா அழுத்தி எழுதுங்க" என்றார். அதனால் அழுத்தி எழுதுகிறேன்.

நீ அனுப்பிய சட்டையை அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். பாதிரியார் ஊருக்குப் போய்விட்டார், திரும்பி வரமாட்டார். குளிர்காலத்துக்கு நல்ல காலணி வாங்கிக்கொள். யாராவது ஒரு நல்ல பெண் உனக்குச் சமைத்துப் போட்டால், அவள் எந்த ஜனம் என்று கேட்டு நான் சண்டைக்கு வரமாட்டேன்.

நான் அழுகிறேன் என்று தம்பி பேனாவைக் கேட்கிறார். இன்னும் ஒரு வரிதான். அன்று மாமரத்தடியில் உன் கையைப் பிடித்து அம்மா என்ன சொன்னேனோ, இன்றும் அதையே சொல்கிறேன். அப்பாவும் அதையே சொல்கிறார். அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

உன் அம்மா,
முவாம்புயி