கார்புரேட்டரில் சிக்கிய மஞ்சள் துணி

அக்கா,

இன்று காலை வில்லியனூர் மெக்கானிக் ஷெட்டில் ஒரு காரின் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கைக்கு வந்தது அந்தத் துணிதான். கரியும் எண்ணெயும் ஏறிப்போய், நீ பல்லால் கடித்துக் கிழித்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தெரிகிறது. எரியாத பெட்ரோலின் நெடி மூக்கில் ஏறியதும் பாகூர் மிராசுதாரின் முகம் நினைவுக்கு வந்தது.

அப்போது நான் அவருடைய டிரைவர். அவர் ஒரு கல்யாணத்துக்காக ரயிலேறிப் போயிருந்தார். சேரிக் குடிசையில் நீ பிரசவ வலியில் கிடந்தாய். உன் புருஷன் மிராசுதார் வீட்டு வேலிக்கு வெளியே நின்று கெஞ்சியதும் அவர் காரை எடுத்தேன். புதுச்சேரி ஆஸ்பத்திரி வரைக்கும் எஞ்சின் ஒருமுறைகூடத் திணறவில்லை. அந்த வலியிலும், "மாட்டு வண்டி தேவலாம் தம்பி, இது இன்னா இப்டி தூக்கிப் போடுது" என்றாய். நீயும் பிழைத்தாய், பிள்ளையும் பிழைத்தது.

மிராசுதார் திரும்பினார். சேரிப் பெண் ஏறிய வண்டி என்று சீட்டெல்லாம் கோமியம் தெளித்தார்கள். அதோடு விட்டார்களா? வண்டிக்கு உயிர் எஞ்சினில் இருக்கிறதாம். பானட்டைத் திறந்து உள்ளே வேப்பிலையும் மஞ்சள் துணியும் கட்டினார் பூசாரி. மறுநாளே வண்டி விட்டு விட்டு ஓடியது, மேடு ஏற மறுத்தது, பின்னால் கறுப்புப் புகையைக் கக்கியது. உன் தீட்டு எஞ்சினுக்குள் இறங்கிவிட்டது என்றார் மிராசுதார். வண்டி சரியாகாவிட்டால் அவர் மனையிலிருக்கும் உன் குடிசையைக் காலி செய்ய வேண்டுமாம், பச்சை உடம்போடு.

நான் ஸ்குரூடிரைவரை வைத்து, தீப்பொறியை நிறுத்தி, ஒவ்வொரு பிளக்காக அணைத்துப் பார்த்தேன். இரண்டை அணைத்தபோது எஞ்சின் சத்தம் மாறவே இல்லை. அந்த இரண்டும் ஏற்கெனவே செத்திருந்தன. எஞ்சினின் நாலு பிளக்கையும் கழற்றினால், நாலிலும் விளக்குக் கண்ணாடியில் படிவது போல உலர்ந்த கரி. பிளக் கெட்டிருந்தால் ஒன்றுதான் கறுக்கும். நாலும் கறுத்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் காற்று வாயில் விரலை விட்டேன். பூசாரியின் துணி உறிஞ்சப்பட்டு அங்கே அடைத்துக்கொண்டிருந்தது.

மிராசுதாரைக் கூப்பிட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, துணி இல்லாமல் ஓட்டிக் காட்டினேன். எஞ்சின் சீராக ஓடியது. துணியைக் காற்று வாயருகே கொண்டுபோனேன், எஞ்சின் இருமிப் புகைந்தது. எடுத்தேன், ஓடியது. அவர் முழுவதையும் பார்த்தார். புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"துணிய கட்டுறா," என்றார். "வண்டி ஓடலன்னா மாட்டக் கட்டி இழுத்துக்கறேன். அவ காலி பண்ணட்டும்."

அறியாமை என்றால்கூடப் பொறுத்திருப்பேன். கட்ட மாட்டேன் என்றேன். அதோடு என் வேலை போயிற்று. அவருக்கு வேறு துணி கிடைத்திருக்கும்.

வேலிக்கு வெளியே பிள்ளையோடு நின்றிருந்தாய். நடந்ததைச் சொன்னேன். நீ அழவில்லை.

"நான் ஏறினப்போ நல்லாத்தான ஓடிச்சு? எறங்குனப்பறமா அதுக்கு நோவு வந்துச்சு?" என்றாய். பிறகு என் கையிலிருந்த துணியைப் பார்த்தாய். "புதுத் துணிடா இது. எம் புள்ளைய கிழிஞ்ச பொடவைல சுத்தி வச்சிருக்கேன், காருக்குப் புதுத் துணி கட்டுறானுங்க."

துணியைப் பிடுங்கி, பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தாய். ஒரு பாதி பிள்ளைக்குப் போயிற்று. மறுபாதியை என் மேல் வீசினாய். "நீ எஞ்சினத் தொடச்சிக்க."

கரையாம்புத்தூரில் உன் தங்கை வீட்டுக்குப் போனீர்கள். மறு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டதையும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாடகை வண்டிகூடக் கிடைக்காமல் நீ போய்ச்சேர்ந்ததையும் உன் புருஷன் சந்தையில் சொன்னான். நீ ஏறியதால் பாகூரில் கார் கெட்டுப்போன கதை உனக்கு முன்பே அந்த ஊருக்குப் போய்விட்டதாம். அந்தக் கதையை அனுப்பியவர் இன்றும் நெற்றி நிறையத் திருநீறோடு கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறார்.

பிளக் கறுத்து வரும் எந்த வண்டியிலும் முதலில் காற்று வாயைத்தான் பார்க்கிறேன். பிறகு உன் வாய் பட்ட இந்தத் துணியால் துடைக்கிறேன். அவரைப் போன்ற மிராசுதார்களின் கார்களும் வருகின்றன. எல்லாவற்றையும் இதே துணியால்தான் துடைக்கிறேன்.

அத்தனையும் ஓடுகின்றன, அக்கா.